சிட்டுக் கட்சியும் வண்டுக் கட்சியும்

என் தயிர்சாதத்துக்குள் முதலில் கரண்டியை விட்டது நான் அல்ல, அவர்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பித்தளை வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு டெஸ்பாட்ச் பகுதியில் வேலை கிடைத்திருந்தது. முதல் நாள் காலை. கேட்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் என் டிபன் பாக்ஸைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு எவர்சில்வர் கரண்டியை எடுத்தார். இதற்கென்றே வைத்திருந்த, கைக்குட்டையில் சுற்றிய கரண்டி. அதைச் சாதத்தின் நடுவில் செங்குத்தாக இறக்கி ஒரு சுற்று சுற்றினார். சிவப்பாக ஏதோ மேலே வந்தது.

"இது இன்னா?"

"மாதுளை."

"தயிர்சாதத்துலயா?"

"வீட்டுல போடுவாங்க."

"யாரு ஊட்ல?"

"எங்க வீட்டுலதான். செவ்வாப்பேட்டை."

அங்கேதான் தவறு செய்தேன். செவ்வாப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வர, பேசின் பிரிட்ஜ் வரை ஒரு ரயிலில் கிழக்கே போய், இன்னொரு ரயிலில் வடக்கே திரும்ப வேண்டும். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மாந்தூரத்துலருந்து தெனம் வந்து போற அளவுக்கு இங்க இன்னா கீது?" என்றார். சம்பளம் என்று சொன்னேன். அந்தச் சம்பளம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியும் என்பதால் நம்பவில்லை.

"உள்ளே வரும்போது எதுக்குங்க சோதனை? வெளியே போகும்போதுதானே பார்க்கணும்?" என்று கேட்டேன்.

"உள்ள இன்னா வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் சார், வெளிய இன்னா போவுதுன்னு தெரியும்."

தர்க்க சாஸ்திரம் பற்றி நான் சில புத்தகங்கள் படித்திருக்கிறேன். இன்றுவரை இதற்குப் பதில் கிடைக்கவில்லை.

அவருக்கு அப்போது ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லியான உடம்பு, அதற்கு இரண்டு அளவு பெரிய காக்கிச் சட்டை. முதுகுக்குப் பின்னால் அவரை எல்லோரும் 'கேட்டு' என்று சொல்வோம். "கேட்டு இருக்குதா, போயிடுச்சா?" ஆளையும் இரும்புக் கதவையும் பிரித்துப் பார்ப்பது எங்களுக்குக் கடினமாக இருந்தது. செல்போனில் கேமரா வந்த புதிது. மேனேஜர் உட்பட எல்லோருடைய கேமராவின் மீதும் அவர் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். அந்த ஸ்டிக்கர்கள் வாழைப்பழத்தில் வருபவை. பொன்னேரி சந்தையில் பழம் வாங்கி, ஸ்டிக்கரைப் பத்திரமாக உரித்துவைப்பார் என்று சொல்வார்கள்.

ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்பார். காலையில், "மேரேஜுக்கா லீவு போட்டே?" சாயங்காலம், "சாவுக்குப் போனியே, கூட்டம் ஜாஸ்தியா?" குழம்பியவன் மாட்டிக்கொள்வான். நான் ஒரு முறை குழம்பி, உயிரோடு இருந்த என் சித்தப்பாவுக்கு நல்ல கூட்டம் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒன்று. ஆறு மணிக்கு ட்யூட்டி முடிந்து கிளம்பும்போது தன் பையை அடுத்த ஷிப்டு காவலாளியிடம் நீட்டுவார். அவர் கூச்சப்பட்டுத் தள்ளினால் அன்றைக்குத் திட்டு விழும். "நான் இன்னா மகாராஜாவா? கைய உள்ள வுட்டுப் பாரு. அடில பாரு. டிபன் மூடிக்குப் பின்னால பாரு. சந்தேகம் இன்றது பல்லு தேய்க்கிற மாதிரி. ஆள் பாத்துத் தேய்க்கக்கூடாது."

கேட்டுக்குப் பக்கத்தில் அவருடைய அறை. அறைக்கு வெளியே ஒரு செம்பருத்திச் செடி. கம்பெனியில் புகையும் தூசியும் தின்று வளர்ந்ததால் மரம் என்றே சொல்லலாம். அதில் தினமும் இரண்டு விருந்தாளிகள் வருவார்கள். ஒன்று தேன்சிட்டு, ஆண். வெயிலில் திரும்பினால் கறுப்பு ஊதாவாகும். இன்னொன்று கட்டைவிரல் கணு அளவுக்கு ஒரு கருவண்டு. அதுவும் கறுப்பு, அதன் இறக்கையும் வெயிலில் ஊதா. ஒரே துணியில் ஒரே டெய்லர் தைத்துக் கொடுத்த யூனிபாரம் போல இருக்கும். கம்பெனியில் அவர் சோதனை போடாமல் உள்ளே விட்ட உயிர்கள் இவை இரண்டுதான். போட முடியவில்லை என்பதால் மனம் வெதும்பி, பார்த்துக்கொண்டே இருப்பார்.

லாரிக்கு அடியில் பார்ப்பதற்குச் சக்கரம் வைத்த ஒரு கண்ணாடி உண்டு. நீளமான கைப்பிடி. அதைச் செடியோரம் சாய்த்து வைப்பார். வைத்த ஐந்தாவது நிமிடம் சிட்டு வந்து அதில் தெரியும் சிட்டோடு சண்டைக்கு நிற்கும். கொத்தும், பறக்கும், பின்னால் போய் ஆளைத் தேடும், திரும்ப வந்து கொத்தும்.

"பாத்தீங்களா சார்? தன் மூஞ்சியையே நம்பல. கள்ள முழி."

"உங்க தொழில்தானே அண்ணே அதுவும் பண்ணுது?"

அவர் சிரிக்கவில்லை. "பூவுல இன்னா பண்ணுதுன்னு பாருங்க. வாசல் இருக்கசொல்ல, பின்னால போயி அடில குத்தி உறியுது. திருட்டுப் பய. அதுக்கு முன்னால ஒரு பாட்டு வேற. நாலு பக்கமும் பாக்குது, பாடுது, குத்துது, பூடுது. வண்டப் பாருங்க. லாரி மாரி சத்தம் போட்டுக்கினு வருது. நேரா வாசல் வழியா உள்ள போவுது. ஒடம்பெல்லாம் மஞ்ச தூளு பூசிக்கினு, சத்தம் போட்டுக்கினே வெளிய வருது. ஒளிவு மறைவு கிடையாது. மூஞ்சிக்கு நேரா நின்னு மொறைக்கும். திருடன் மூஞ்சியப் பாப்பானா?"

இதிலிருந்து அவர் உலகத்தை இரண்டாகப் பிரித்தார். சத்தம் போடுகிறவன், முறைக்கிறவன், சண்டை போடுகிறவன் எல்லாம் வண்டுக் கட்சி. அவர்களுக்கு மேலோட்டமான சோதனை. பாடுகிறவன், விசில் அடிக்கிறவன், சிரித்துக்கொண்டே "வணக்கம்ணே" என்கிறவன் எல்லாம் சிட்டுக் கட்சி. அவர்களுக்குச் செருப்பைக் கழற்றிப் பார்க்கும் சோதனை. எனக்கு முணுமுணுத்துப் பாடும் பழக்கம் இருந்தது. இரண்டே வாரத்தில் விட்டேன். கவரைப்பேட்டையிலிருந்து வந்த ஒரு டர்னர், கேட்டுக்கு நூறு அடி முன்னாலேயே யாருடனாவது சண்டை பிடித்துக்கொண்டு வருவான். அவன் பையை அவர் வெளியே தடவிப் பார்ப்பதோடு சரி.

ஒரு நாள் அவர் கேட்டார். "சார், நீங்க புக்கு படிக்கிறவரு. இந்த வண்டு எங்க தங்குது? சிட்டு கூடு தெரியும், கேபிள்ல தொங்குது, குப்பை மூட்டை மாரி. வண்டு ஊடு எங்க?"

எனக்குக் குஷி பிறந்தது. என்னிடம் கேட்டுவிட்டார். பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை இல்லாத ஒரு ஆங்கிலப் புத்தகத்தில் பறவைகளையும் பூச்சிகளையும் பற்றிப் படித்திருந்தேன். அதில் குண்டாக, ரோமத்தோடு, ரீங்காரம் போட்டுப் பூவில் விழும் 'பம்பிள் பீ' என்ற ஒன்றைப் பற்றி ஒரு முழு அத்தியாயம். படம் கறுப்பு வெள்ளை. குண்டு, ரோமம், ரீங்காரம் மூன்றும் பொருந்தியதால் செம்பருத்தியில் இருந்தது அதுதான் என்று முடிவு கட்டியிருந்தேன்.

"மண்ணுக்குள்ள, அண்ணே. எலி விட்டுப் போன வளையில. ராணி ஒண்ணு, வேலைக்காரங்க நிறைய."

"எலி வளை." அவர் தலையாட்டினார். "பாருங்க, ஊடு கூட சிம்பிளா."

தயிர்சாதத்தை நம்பாதவர், என் சித்தப்பாவின் உயிரை நம்பாதவர், என் படிப்பை மட்டும் சோதனை போடாமல் உள்ளே விட்டார். அந்தப் பம்பிள் பீ குளிர்ப் பிரதேசத்துப் பூச்சி என்பதும், கும்மிடிப்பூண்டி வெயிலில் அது அரை நாள் தாங்காது என்பதும் அடுத்த அத்தியாயத்தில் இருந்திருக்கலாம். என் பிரதியில் அந்தப் பக்கங்கள் இல்லை.

காதர் பாய் எங்கள் பேக்கிங் தச்சர். ஒப்பந்தக்காரரின் ஆள். பழவேற்காட்டில் வீடு. சொந்தக்காரர்கள் எல்லாம் இறாலிலும் துணியிலும் வியாபாரம் செய்ய, இவர் மட்டும் உளியைப் பிடித்துக்கொண்டார். "யாவாரத்துல பொய் சொல்லணும் சாரு, எனக்கு ஞாபக சக்தி கம்மி" என்பார். ஏற்றுமதிக்குப் போகும் வால்வுகளுக்குப் பைன் மரத்தில் பெட்டி அடிப்பார். அடிக்கும்போது பாடுவார். ஆணி ஒன்றுக்கு இரண்டு அடி, அடிக்கு ஒரு சுருதி. என்ன பாட்டு என்று யாருக்கும் தெரியாது. வாயில் நாலு ஆணி இருக்கும்போது வார்த்தை எப்படி வரும்?

எந்தக் கட்சி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வருஷம் ஒரு ஆர்டர் நின்றுபோனது. வாங்குகிறவரின் ஆய்வாளர் வராமல், நாற்பது பெட்டிகள் கொட்டகையில் இரண்டு மாதத்துக்கு மேல் கிடந்தன. கொட்டகைக்குக் கூரை உண்டு, சுவர் இல்லை. ஒரு நாள் காலை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ரெட்டி பெட்டிகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தார். ஆந்திர எல்லையில் தடா பக்கத்து ஆள். ஒரு பெட்டியைத் தூக்கியவர் அப்படியே நிறுத்தினார்.

"நைனா, இக்கட வந்து பாரு."

பெட்டி நிற்பதற்காக அடியில் இரண்டு நீளக் கட்டைகள் அடித்திருக்கும். ஒரு கட்டையின் அடிப்பக்கத்தில் நான்கு ஓட்டைகள். வட்டமென்றால் அப்படி ஒரு வட்டம். விளிம்பில் பிசிறு இல்லை. கீழே தரையில் மாவு போல மரத்தூள்.

சூப்பர்வைசர் வந்தார். குந்தி உட்கார்ந்தார். தூளை விரலில் எடுத்து முகர்ந்தார். "அரை இஞ்ச் ட்ரில்லு பிட்டு" என்றார். ஒரு கம்பியை உள்ளே விட்டார். ஒரு இஞ்ச் போய் நின்றது. "பாதில வுட்டுக்கீறான்."

பெட்டியைப் பிரித்து எண்ணினோம். ஒரு வால்வு குறையவில்லை.

"ஒண்ணும் போகலியே அண்ணே" என்றேன்.

"போவலன்னா இன்னும் எடுக்கலன்னு அர்த்தம். இது வெள்ளோட்டம் சார். கட்டையில ட்ரை பண்றான். அடுத்து பெட்டி."

"யாரு?"

அவர் கொட்டகையின் மறுமுனையைப் பார்த்தார். அங்கிருந்து சுருதி வந்துகொண்டிருந்தது.

காதர் பாயின் பையில் அரை இஞ்ச் பிட் இருந்தது. தச்சர் பையில் அது இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். "பாய், இது எதுக்கு?" "ஓட்டை போட." "எந்த ஓட்டை?" "போல்ட்டு ஓட்டைதான் சூப்ரவைசரே, வேற எந்த ஓட்டை?" "நான் வேற ஓட்டைன்னு சொல்லவே இல்லியே, நீயா எதுக்கு சொன்னே?" பாய் என்னைப் பார்த்தார். நான் செம்பருத்தியைப் பார்த்தேன்.

அறிக்கை எழுதப்பட்டது. அதில் ஒரு வரி: 'மேற்படி நபரிடம் அரை இஞ்ச் துளைக்கருவி இருப்பது எனக்குத் தெரியும்.' அதன் கீழே என் கையெழுத்து. முழு உண்மை. கொட்டகையின் இருப்புப் பதிவேடு என் பொறுப்பில் இருந்ததால், சந்தேகம் என் பக்கம் திரும்புவதற்கு முன் வேறு யார் பக்கமாவது போனால் நல்லது என்று நினைத்தேன் என்பதும் முழு உண்மை. அது அறிக்கையில் இல்லை.

எங்கள் வட்டாரத்தில் ஒரு பட்டியல் உண்டு. அந்த செக்யூரிட்டி ஏஜென்சிதான் நிறைய கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பியது. ஒவ்வொரு சனிக்கிழமையும் எல்லா கேட்டிலிருந்தும் கையால் எழுதிய பெயர்களை வாங்கி, ஒரே தாளாக ஜெராக்ஸ் எடுத்து, எல்லா கேட்டுக் கண்ணாடியிலும் ஒட்டிவிடுவார்கள். தலைப்பு, 'உள்ளே விடக் கூடாதவர்கள்'. பெயர், கம்பெனி, காரணம் என்று மூன்று கட்டம். பெயர் ஏறிவிட்டால் இந்தப் பேட்டையில் எந்தக் கேட்டும் திறக்காது. குற்றம் சாட்டியதிலிருந்து இரண்டாவது சனிக்கிழமை வரை விசாரணை, பிறகு பெயர் ஏறும். அதுவரை காதர் பாய் வெளியே நிற்க வேண்டும். துளைபட்ட கட்டைத் துண்டை அறுத்து எடுத்து, ஓட்டைகள் மேல் டேப் ஒட்டி, தேதி போட்டு, சூப்பர்வைசர் தன் அறை அலமாரியில் சாட்சிப் பொருளாக வைத்துப் பூட்டினார்.

பாய் மூன்று நாள் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் வந்து உட்கார்ந்தார். நாலாவது நாள் வரவில்லை.

கொட்டகையில் பாட்டு நின்றது. எனக்குச் சந்தேக நோய் தொற்றிக்கொண்டது. சூப்பர்வைசர் ஏன் தினமும் மத்தியானம் தனியாகக் கொட்டகைப் பக்கம் போகிறார்? அறையை ஏன் இரண்டு பூட்டு போட்டுப் பூட்டுகிறார்? பெரிய சட்டை எதற்கு? ரெட்டியிடம் சொன்னேன். ரெட்டி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீ எதுக்கு சார் தினம் செவ்வாப்பேட்டைலருந்து வர்றே?" என்றார்.

பதினோராம் நாள், வியாழக்கிழமை. சாப்பாட்டு நேரம். சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அறைக்குள் நின்றுகொண்டிருந்தார்.

"சார், டேபிளப் பாருங்க."

சுவர் அலமாரியின் கதவு இடுக்குக்கு நேர் கீழே அவருடைய மேஜை. மேஜை மீது மாவு போல மரத்தூள். சின்னக் கோபுரம்.

"யாரு வந்தாங்க?" என்றேன்.

"யாரும் வரல. பாயி வெளிய கீறான். ரெண்டு பூட்டு. ரெண்டு சாவியும் என் இடுப்புல." அவர் குரல் இறங்கியது. "நானும் எல்லாரையும் யோசிச்சுப் பாத்துட்டேன் சார். கணக்குப்படி நான்தான்."

நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் விளையாடவில்லை. தன் சட்டைப் பைகளைத் தானே வெளியே இழுத்துப் போட்டிருந்தார். அவை இரண்டு பக்கமும் காது போலத் தொங்கின.

அப்போது அலமாரிக்குள் சாட்சிப் பொருள் ரீங்காரம் போட்டது. அவர் பூட்டைத் திறந்தார்.

டேப் ஒட்டிய நான்கு ஓட்டைகளும் அப்படியே இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் ஐந்தாவதாக ஒன்று புதிதாகத் திறந்திருந்தது. அதிலிருந்து கறுப்பாக ஒரு தலை, பிறகு தோள், பிறகு முழு உடம்பும் வெளியே வந்து, இறக்கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. வெயில் பட்டதும் ஊதா. எழும்பி அவர் முகத்துக்கு நேரே ஒரு கணம் நின்றது. பிறகு ஜன்னல் வழியாகச் செம்பருத்திக்குப் போனது.

அவர் வெளியே தொங்கிய சட்டைப் பைகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார்.

"எலி வளைன்னு சொன்னீங்களே சார்."

என் வாழ்க்கையில் நான் படித்த எல்லாப் புத்தகங்களும் ஒரே நேரத்தில் அந்த அறையைவிட்டு வெளியே ஓடின.

நாங்கள் இருவரும் மேனேஜரிடம் போனோம். அவர் கட்டையைக் கையில் வாங்கவில்லை. மேஜை விளிம்பில் வைக்கச் சொன்னார்.

"பூச்சி ஓட்டைன்னு எழுதினா என்னாகும் தெரியுமா? மரத்துல பூச்சின்னு நாற்பது பெட்டியையும் அவங்க துறைமுகத்துலயே திருப்பிடுவாங்க. ஆள் போட்ட ஓட்டைன்னு வாடிக்கையாளருக்கு ஏற்கனவே எழுதி அனுப்பியாச்சு. ஒரு ஆளை மாத்தினா முடிஞ்சுது. இதைப் போய்க் கொளுத்துங்க."

"அந்தாளு பேரு சனிக்கிழமை ஏறுது சார்" என்றார் சூப்பர்வைசர்.

"ஒப்பந்த ஆள்தானேங்க. வேற எங்கயாவது போயிடுவாரு."

"எங்க போவாரு? எல்லா கேட்டுலயும் ஒட்டிடுவாங்களே."

மேனேஜர் போனை எடுத்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் சூப்பர்வைசர் என் மேஜைக்கு வந்தார். பதினைந்து வருஷம் மற்றவர்களிடம் கேட்ட காகிதத்தை முதன்முறையாகத் தானே நிரப்பிக்கொண்டு வந்திருந்தார். கேட் பாஸ். பொருள்: மரத்துண்டு ஒன்று. வெளியே கொண்டு போகும் காரணம்: காண்பிக்க.

"ஒரு கையெழுத்து போடுங்க சார். பாயி ஊட்டுக்குப் போறேன். தச்சன் கண்ணு பாத்தாத்தான் சரியா சொல்லும்."

டெஸ்பாட்ச் பொறுப்பாளர் கையெழுத்து இல்லாமல் ஒரு குச்சி வெளியே போகக் கூடாது. அது அவர் எழுதிய விதி. பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது.

"மேனேஜர் கொளுத்தச் சொன்னாரே அண்ணே..." என்று இழுத்தேன். "திங்கட்கிழமை பார்ப்போமே."

அவர் என்னையே பார்த்தார். முறைக்கவில்லை. முறைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி சார்" என்று காகிதத்தை நாலாக மடித்து, கரண்டி இருந்த பையில் வைத்துக்கொண்டு போனார்.

பழவேற்காட்டில் நடந்ததைப் பின்னால் காதர் பாய் எனக்குச் சொன்னார். சாயங்கால வெயிலில் சூப்பர்வைசர் வாசலில் வந்து நின்றாராம். "உள்ள வாங்க" என்றால் வரவில்லை. தன் பையை நீட்டி, "மொதல்ல இதப் பாரு பாய். கைய வுட்டுப் பாரு" என்றிருக்கிறார். பாய் கையை விட்டார். டிபனுக்கு அடியில் கட்டை. பாய் உளியை வைத்து ஒரு தட்டு தட்டிப் பிளந்தார். ஓட்டை ஒரு இஞ்ச் உள்ளே போய், அங்கே திரும்பி, மர நார் வழியே நீளமாக ஓடியது. உள்ளே அறை அறையாகத் தடுப்பு, ஒவ்வொரு அறையிலும் மஞ்சள் மகரந்த உருண்டை.

"எந்த பிட்டு சூப்ரவைசரே உள்ள போயி வளையும்?" என்று கேட்டாராம் பாய். "அன்னிக்கே என்கிட்ட ஒரு வார்த்த காட்டியிருந்தா சொல்லியிருப்பேனே. மரம் தின்ற வண்டப் பாக்காத தச்சன் உண்டா? பன்னெண்டு நாளா என் ஊட்டுப் பொம்பள பக்கத்து ஊட்டுக்குத் தண்ணி கேக்கப் போகல. தெரியுமா?"

"திட்டினியா பாய்?" என்று கேட்டேன்.

"திட்டத்தான் வாயத் தொறந்தேன் சாரு. என் சம்சாரம் டீ குடுத்துச்சு. அந்தாளு டம்ளரத் தூக்கி அடியில பாத்துட்டுக் குடிச்சாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு."

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஏஜென்சி ஆள் எல்லா கேட்டுகளின் பெயர்களையும் வாங்கிப் போனார். மூன்று மணிக்குப் புதிய தாள் கண்ணாடியில் ஒட்டப்பட்டது. அந்தப் பக்கம் போகாமல் இருக்க நான் கேண்டீன் வழியாகச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். முடியவில்லை. ரெட்டி அங்கே நின்று சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் கம்பெனிக்கு நேரே ஒரே ஒரு பெயர். காதர் பாய் பெயர் அல்ல. காரணம் என்ற கட்டத்தில் இடம் போதாமல் எழுத்து ஓரமெல்லாம் ஏறியிருந்தது, சூப்பர்வைசரின் கோழிக்கால் கையெழுத்து:

'கேட் பாஸ் இல்லாமல் கம்பெனி மரத்துண்டு ஒன்று வெளியே கொண்டு சென்றது. தச்சர் போட்டதாக நான் எழுதிய ஓட்டை வண்டு போட்டது. அதைக் காட்ட எடுத்துப் போனேன். சோதனை செய்த காவலாளி மேல் தப்பு இல்லை, பையில் பார்த்தார், நான்தான் உத்தரவு போட்டு விடச் சொன்னேன்.'

தன் பெயரைத் தானே எழுதிக் கொடுத்திருக்கிறார். மேனேஜர் கத்தினார். கிழிக்கச் சொன்னார். எங்கள் கேட்டில் கிழித்தார்கள். மற்ற எல்லாக் கேட்டிலும் அது திங்கட்கிழமை வரை இருந்தது. தொழிற்பேட்டை முழுக்க வண்டைப் பற்றிப் படித்தது. காதர் பாயை அடுத்த வாரமே பக்கத்து கம்பெனி கூப்பிட்டுக்கொண்டது. நாற்பது பெட்டிகளுக்கும் கட்டை மாற்றி, மரத்தைச் சூளையில் வைத்து எடுத்து, ஒரு மாதம் தாமதமாக அனுப்பினோம். வாங்கியவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விதி மட்டும் விதியாக நின்றது. பட்டியலில் ஏறிய பெயரை எந்தக் கேட்டும் உள்ளே விடக் கூடாது. அந்த விதியை மாற்றலாம் என்று ஏஜென்சியில் யாரோ சொன்னபோது, வேண்டாம் என்றவரும் அவரே என்று கேள்வி.

அதற்கப்புறம் அவரை ஒரே ஒரு முறை பார்த்தேன், பொன்னேரி ஸ்டேஷனில். ஒரு அரிசி மில் வாசலில் இருக்கிறேன் என்றார். அங்கே ஏஜென்சி பட்டியல் செல்லாது. காக்கிக்குப் பதில் வெள்ளைச் சட்டை, அதுவும் இரண்டு அளவு பெரிது. "இன்னா சார், ஊட்டுக்கா?" என்றார். ஆமாம் என்றேன். ரயில் வரும் சத்தம் கேட்டதும், "ஆபீஸுக்கா போறீங்க?" என்றார். இல்லை, வீட்டுக்குத்தான் என்றேன். திருப்தியாகத் தலையாட்டினார்.

அந்தக் கருவண்டும் நீளமான பூக்களில் வாசல் வழியாகப் போகாது, பின்பக்கம் கிழித்துத்தான் தேன் எடுக்கும் என்று அதற்குள் நான் ஒழுங்கான ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். சிட்டும் வண்டும் ஒரே கட்சிதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"சார், அந்த எலி வளை புக்கு இன்னும் கீதா?"

"தூக்கிப் போட்டுட்டேன் அண்ணே."

"நெஜமா?" என்றார்.

அது வீட்டில், கட்டிலுக்கு அடியில் இருந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

அவர் பெயரை நான் இதில் எங்கேயும் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எனக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை, கேட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, நிறுத்தி நிதானமாகப் படித்தேன். நான் போடாத கையெழுத்துக்குப் பதிலாகத்தான் அந்தப் பெயர் அங்கே ஏறியிருந்தது. இன்னொரு தாளிலும் அதை ஏற்ற எனக்குக் கை வரவில்லை.